கைவிடப்பட்ட பால்கனி: முதல் செலவு எதற்கு?

பழைய வாளி, கால் உடைந்த நாற்காலி, என்றைக்காவது தேவைப்படும் என்று வைத்த அட்டைப்பெட்டிகள். இவை குவிந்து கிடக்கும் பால்கனியை உட்கார்ந்து இளைப்பாறும் இடமாக மாற்ற நினைத்தால் ஐந்து செலவுகள் கண்முன் வந்து நிற்கும். தரை, இருக்கை, மறைப்பு, விளக்கு, செடி. கையில் இருக்கும் பணமோ அதில் இரண்டுக்குத்தான் போதும். ஐந்திலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் ஐந்துமே மட்டமான சரக்காக அமையும். அதனால் எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைத் தொடவே வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

பெரும்பாலோர் செயற்கைப் புல்விரிப்பிலும் சரவிளக்கிலும் தொடங்குகிறோம். படங்களில் பளிச்சென்று தெரிவது அவை இரண்டும்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான்கடி அகலம், ஒன்பதடி நீளம் உள்ள என் பால்கனிக்கு அளவெடுத்துப் பச்சை விரிப்பு வாங்கிப் போட்டேன். முதல் மாதம் பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். மழை தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் கதவைத் திறந்தாலே ஒரு புளித்த வாடை. விரிப்பின் மூலையைப் பிடித்துத் தூக்கினேன். அடியில் தரையோடு ஒட்டிக்கொண்டு வழவழவென்று பாசி. விரிப்பின் முதுகில் இருந்த ரப்பர் பூச்சு கறுத்துப்போய், விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. தண்ணீர் வடிய வேண்டிய துளையை விரிப்பின் ஓரம் அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. சுருட்டி வெளியே எடுத்தபோது, ஒதுக்கி வைத்த பணத்தில் பாதி அதோடு போயிருந்தது.

அன்று மாலை அக்காவிடம் போனில் புலம்பினேன். அவள் சொன்னாள்: “இனிமே ஒண்ணும் வாங்காதடி. வீட்டுக்குள்ள இருக்கிற நாற்காலி ஒண்ணத் தூக்கிட்டுப் போய் அங்க போடு. ஒரு வாரம் சும்மா உட்காரு. எது உன்னை எழுப்பி விடுதுன்னு எழுதி வை. அதுக்குத்தான் முதல் செலவு.”

“எல்லாமேதான் எழுப்பி விடும்க்கா.”

“இல்லடி. ஏதாவது ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வரும். பாரு.”

ஒரு காகிதத்தைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்து எழுதினேன். திங்கள், மாலை 4.20, வெயில் முகத்தில். செவ்வாய், மறுபடியும் வெயில். புதன், மேகமூட்டம், நன்றாக இருந்தது, ஆனால் எதிர்க் கட்டட ஜன்னலில் ஆள் நின்றதும் உள்ளே வந்துவிட்டேன். வியாழன், வெயில். வெள்ளி, இருட்டிய பிறகு போனேன், கொசு. சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெயில். தரை அசிங்கமாக இருக்கிறது என்று ஒருநாள்கூட எழுதவில்லை. நான் முதலில் பணத்தைக் கொட்டிய இடம் அந்தத் தரைதான்.

அதற்குப் பிறகு பால்கனி பற்றி யார் கேட்டாலும் இந்த ஒரு வாரப் பரீட்சையைத்தான் முதலில் சொல்கிறேன். ஓர் இடம் சும்மா கைவிடப்படுவதில்லை. அங்கே உட்கார முடியாதபடி ஏதோ ஒன்று விரட்டுகிறது. விரட்டுவது எது என்று தெரியாமல் வாங்கும் பொருளெல்லாம் படத்துக்கு மட்டும்தான் உதவும். கீழே ஒவ்வொரு செலவிலும் இருக்கிற வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். எல்லாப் பால்கனிக்கும் ஒரே விடை கிடையாது; ஆனால் பெரும்பாலான பால்கனிகளுக்கு மறைப்பும் இருக்கையும் முதலிலும், தரை கடைசியிலும் வரும் என்பது என் முடிவு.

பணம் வாங்காத வேலைகள்

முதலில் காலி செய்யுங்கள். ஒரு வருடம் தொடாத பொருள் அங்கே இருக்க வேண்டியதில்லை. பிறகு கழுவுங்கள். புறா எச்சம் காய்ந்து கிடந்தால் உலர்ந்தபடியே பெருக்கவே கூடாது. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை நோய்கள் வரக்கூடும். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவைத்து, முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சுரண்டி எடுங்கள். கறை போக வேண்டும் என்று பிளீச்சிங் கரைசலோடு வினிகரையோ கழிவறை அமிலத்தையோ கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அது உயிருக்கே ஆபத்து.

கழுவி முடித்ததும் கதவோரமாக ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். தண்ணீர் வடிகால் துளையை நோக்கி ஓடினால் சரி. நடுவில் குளம் கட்டினாலோ, வீட்டுப் பக்கம் திரும்பினாலோ, எந்த விரிப்பும் அங்கே நாறத்தான் செய்யும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் ஓடுகிறது என்று அர்த்தம். கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலோ, தரையும் சுவரும் சேரும் இடத்தில் நீளமாக விரிசல் ஓடினாலோ அலங்காரத்தை அப்படியே நிறுத்திவிட்டுக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

எடைக் கணக்கையும் இப்போதே போட்டுவிடுவது நல்லது. ஐரோப்பியக் கட்டடத் தரவிதி பால்கனிகளுக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 முதல் 400 கிலோ வரை சுமை தாங்கும்படி வடிவமைக்கச் சொல்கிறது. ஆட்களின் எடையும் அதற்குள்தான் அடக்கம். பழைய கட்டடங்கள் எந்த விதிப்படி கட்டப்பட்டன என்பது கட்டியவருக்குத்தான் வெளிச்சம். ஒரு 15 லிட்டர் தொட்டியில் சாதாரணத் தோட்டமண் நிரப்பித் தண்ணீர் ஊற்றினால் 25 கிலோவைத் தொடும். அப்படிப் பத்துத் தொட்டி என்றால் கால் டன். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில், அதே எடை சுவரோரம் இருப்பதற்கும் வெளி விளிம்பில் இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தூரம் கூடக்கூட அந்த எடை பிடிமானத்தைக் கீழே இழுக்கும் வலுவும் கூடும். ஆகவே கனமான பொருள் எதுவானாலும் வீட்டுச் சுவரோரம். கைப்பிடிப் பக்கம் இலேசானவை மட்டும்.

மறைப்பு: நான்கு வழிகள்

வெயிலும் அடுத்தவர் பார்வையும் உங்களை எழுப்பிவிடுகின்றன என்றால் பணத்தின் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். அதற்கு முன் வெயில் வரும் திசையைத் தெரிந்துகொள்ளுங்கள். மேற்குப் பார்த்த பால்கனியில் மாலை வெயில் தாழ்வாக, படுக்கைவாட்டில் வரும். தலைக்கு மேல் எதைக் கட்டினாலும் அது தடுக்காது. திரைபோல் செங்குத்தாகத் தொங்குவதுதான் தடுக்கும். கிழக்குப் பார்த்ததில் காலை வெயில் அவ்வளவு உறைக்காது. அங்கே பார்வை மறைப்பு மட்டும் போதுமானதாக இருக்கலாம். உச்சி வெயில் மட்டும் விழும் பால்கனி என்றால் மேல்மாடித் தளமே பாதி நிழலைக் கொடுத்துவிடும்.

மூங்கில் தட்டி என் தேர்வு. சுருட்டலாம், இறக்கலாம், வேண்டிய உயரத்தில் நிறுத்தலாம். வெயிலை வெளியிலேயே தடுப்பதால் பின்னால் உள்ள அறையும் குளிர்கிறது. உள்ளே தொங்கும் துணித்திரைக்கு இந்தச் சக்தி இல்லை, ஏனென்றால் அது தடுக்கும்போதே வெப்பம் கண்ணாடியைத் தாண்டி வந்துவிடுகிறது. தட்டிக்குள் இருந்து வெளியே மங்கலாகத் தெரியும். பகலில் வெளியே இருப்பவருக்கு உள்ளே தெரியாது. இருட்டிய பிறகு உள்ளே விளக்குப் போட்டால் இது தலைகீழாகிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. குறை என்றால் ஈரம். மழை நேரே அடிக்கும் இடத்தில் சீக்கிரம் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், கயிறும் நைந்துபோகும். மழைக்கு முன் சுருட்டி மேலே கட்டிவிடுகிறவர்களுக்கு மட்டுமே தட்டி நீடிக்கும். கீழ்முனையை இரண்டு இடத்தில் கைப்பிடிக் கம்பியோடு கட்டாவிட்டால் காற்றில் டப்டப்பென்று அடித்துக்கொண்டே இருக்கும். என் வீட்டில் முதல் வாரம் தூக்கமே இல்லாமல் போனது அந்தச் சத்தத்தால்தான். இரண்டு முழக் கயிற்றில் அது தீர்ந்தது.

நிழல்வலை எல்லாவற்றிலும் மலிவு. 35, 50, 75, 90 என்று சதவீதக் கணக்கில் விற்கும் வலை இது. 50 சதவீத வலை ஏறத்தாழப் பாதி வெளிச்சத்தைத் தடுக்கும். செடி வளர்ப்பவருக்கு 50 நல்லது, ஆள் உட்காருவதற்கு 75. காற்று ஊடுருவிப் போவதால் உயரமான மாடிகளுக்கு இதுதான் பத்திரம். ஆனால் அழகு கிடையாது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பது போன்ற உணர்வை அது தரும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பச்சைக்குப் பதில் பழுப்பு நிறத்தில் எடுத்து, ஓரங்களை மடித்துத் தைத்து, நான்கு மூலையிலும் விறைப்பாக இழுத்துக் கட்டினால் அந்த உணர்வு பெருமளவு குறைகிறது. விறைப்பாக இருக்க வேண்டியதுதான் முக்கியம். தொய்ந்த வலைதான் கண்ணை உறுத்துகிறது.

துணித்திரை பார்க்க மிக அழகு, இதமும் அதிகம். ஆனால் மூன்றாவது மாடிக்கு மேல் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் துணியின் மேல் விழும் அழுத்தம் நான்கு மடங்காகும். துணி பாய்மரமாகி, கொக்கியையும் கம்பியையும் பிடுங்கப் பார்க்கும். தரைத்தளத்திலோ மூன்று பக்கமும் சுவர் உள்ள உள்ளொடுங்கிய பால்கனியிலோ தாராளமாகப் போடலாம். பருத்தி வேண்டாம், பாலியெஸ்டர் எடுங்கள்; காய்வது சீக்கிரம்.

நான்காவது வழி, கொடி. சங்குப்பூ விதையை ஆழமான ஒரு தொட்டியில் போட்டு, நூல்கயிறுகளைக் கைப்பிடியிலிருந்து மேலே கட்டிவிட்டால் அது தானே ஏறிக்கொள்ளும். செலவு மிகக் குறைவு. காத்திருப்புதான் விலை: அடர்ந்த மறைப்பாக மாறச் சில மாதங்கள் ஆகும், நேரடி வெயிலும் வேண்டும். வெயில் பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த வெயிலே கொடிக்குத் தீனியாகிவிடுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். இந்த ஆண்டு தட்டி, அதன் ஓரத்திலேயே கொடி. தட்டி நைந்துபோகும் நேரத்தில் கொடி அந்த இடத்தைப் பிடித்திருக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நான் கண்டவற்றுள் சிறந்த ஏற்பாடு.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. துளையிடாமல் கட்டக்கூடியவை வலையும் கொடியும்தான். தட்டிக்கு மேலே இரண்டு கொக்கி தேவை. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள், அல்லது துணி காயப்போடும் கம்பி ஏற்கெனவே இருந்தால் அதிலேயே தொங்கவிடுங்கள்.

இருக்கை: உயரம் பார்த்து எடுங்கள்

இருக்கை என்றதும் அழகையும் மெத்தையையும் பார்க்கிறோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது கண்ணின் உயரம். சாதாரண நாற்காலியின் இருக்கை 45 செண்டிமீட்டர். அதில் உட்கார்ந்தால் பெரியவர்களின் கண் தரையிலிருந்து சுமார் 120 செண்டிமீட்டரில் இருக்கும். கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் 1 மீட்டர் அல்லது சற்று அதிகம். ஆக நாற்காலியில் இருப்பவர் சுவருக்கு மேலே பார்ப்பார். எதிரே இருப்பவரும் அவர் முகத்தைப் பார்ப்பார். அதே ஆள் தரையில் ஒரு திண்டின் மேல் உட்கார்ந்தால் கண் 85 செண்டிமீட்டருக்கு இறங்கிவிடும். சுவர் கெட்டியானதாக இருந்தால் வானம் மட்டும் தெரியும், யாருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். பார்வைதான் உங்களை எழுப்பிவிடுகிறது என்றால் மறைப்புக்குச் செலவே இல்லாமல் தரை இருக்கையிலேயே காரியம் முடிந்துவிடும். கம்பிக் கைப்பிடி என்றால் இந்தக் கணக்கு பலிக்காது.

தரைத் திண்டுக்கு ஆகும் செலவு சொற்பம். மூட்டு வலி உள்ளவர்களுக்கு ஒத்துவராது, அதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று, திண்டு மழையில் நனைந்தால் உள்ளே உள்ள பஞ்சு காய நாள் கணக்காகும், பிறகு வாடை போகவே போகாது. ஒவ்வொரு முறையும் உள்ளே எடுத்துவைக்க வேண்டும். இரண்டு திண்டு என்றால் எடுத்துவைப்போம். ஐந்து என்றால் மூன்றாம் நாள் அலுத்துப்போய் அங்கேயே விட்டுவிடுவோம். எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்துங்கள்.

மடக்கு நாற்காலி ஒன்றுதான் குறுகிய பால்கனிக்கு முழுப் பொருத்தம். இதில் வைக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். நான்கடி அகலப் பால்கனியில் வெளியே பார்த்தபடி நாற்காலியைப் போட்டால் நாற்காலியின் ஆழமும் நீட்டிய காலும் சேர்ந்து அகலம் முழுவதையும் விழுங்கிவிடும்; முழங்கால் சுவரில் இடிக்கும். பக்கச் சுவரில் முதுகைக் கொடுத்து நீளவாட்டில் போட்டுப் பாருங்கள். காலை நீட்டலாம், பார்வைக்கு முழு நீளமும் கிடைக்கும், இன்னொருவர் நடந்துபோக வழியும் இருக்கும். என் ஒன்பதடி பால்கனி பெரிதானதுபோல் தோன்றியது இந்த ஒரு திருப்பத்தில்தான். அதற்கு ஒரு காசும் செலவாகவில்லை.

சரக்கு ஏற்றும் மரப்பலகைகளை அடுக்கி இருக்கை செய்வது பலருக்கும் ஆசை. ஐரோப்பிய அளவுப் பலகை 120 செண்டிமீட்டர் நீளம், 80 அகலம், 14.4 உயரம், எடை ஏறத்தாழ 25 கிலோ. இரண்டை அடுக்கி மேலே கெட்டியான மெத்தை போட்டால் நாற்காலி உயரம் வந்துவிடும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 80 செண்டிமீட்டர் அகலம் குறுகிய பால்கனியில் நடைவழியைத் தின்றுவிடும், இரண்டு பலகைக்கே 50 கிலோ எடை. வாங்குவதாக இருந்தால் பக்கக் கட்டையில் சூடுபோட்ட முத்திரையைத் தேடுங்கள். ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி போடும் முத்திரை அது. எச்டி (HT) என்ற எழுத்துகள் இருந்தால் பூச்சிகளைக் கொல்ல மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்திருக்கிறார்கள் என்று பொருள், அதை எடுக்கலாம். எம்பி (MB) என்று இருந்தால் மெதில் புரோமைடு என்ற நச்சு வாயுவில் புகையூட்டியது; தொட வேண்டாம். முத்திரையே இல்லாத பலகையின் மேல் முன்பு எது கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆணி தட்டி, வார்னிஷ் அடிக்கும் உழைப்பையும் சேர்த்துப் பார்த்தால் அகலமான மொட்டைமாடித் திண்ணைக்குத்தான் இது ஏற்றது.

தொங்கும் ஊஞ்சல் நாற்காலியை நான் ஒதுக்கிவிடுகிறேன். மேல்தளத்தைத் துளைத்துக் கொக்கி மாட்ட வேண்டும். ஆடும்போது கொக்கியில் விழும் இழுவிசை உட்கார்ந்திருப்பவரின் எடையைவிட அதிகம். அந்தத் தளம் மேல்வீட்டுக்காரரின் தரையும்கூட. நிலைச்சட்டத்தோடு வருவதை வாங்கினால் அந்தச் சட்டமே பால்கனி முழுக்க நிற்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டில் எந்த இருக்கையாக இருந்தாலும் கைப்பிடியை ஒட்டிப் போடவே கூடாது. தொட்டிகளும் அப்படித்தான். ஏறி நிற்கக்கூடிய எதுவும் ஒரு மீட்டர் கைப்பிடியை அரை மீட்டராக்கிவிடும். கம்பிகளுக்கு நடுவே 10 செண்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் வலை கட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

விளக்கு

இதில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. சூரிய ஒளிச் சரவிளக்கு மலிவு, கம்பி இழுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் தகட்டுக்கு நேரடி வெயில் பல மணிநேரம் கிடைக்க வேண்டும். நிழல் விழும் பால்கனியில் இரவு எட்டு மணிக்கே மங்கிவிடும். தகட்டைக் கைப்பிடிக்கு வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டினால் ஓரளவு சரியாகும். ஓரிரு ஆண்டில் எரிவது குறைந்தால் தூக்கிப் போடாதீர்கள். பலவற்றில் உள்ளே இருப்பது மாற்றக்கூடிய 1.2 வோல்ட் மறுமின்னேற்ற பேட்டரிதான்.

மின்சாரத்தில் எரியும் சரவிளக்கு வேண்டும் என்றால் உறையில் ஐபி 44 (IP44) அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்க வேண்டும். தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். வீட்டுக்குள்ளிருந்து நீட்டிப்புப் பெட்டியை இழுத்து, வயரைக் கதவிடுக்கில் நசுங்கவிட்டு, மழை படும் இடத்தில் வைப்பது விபத்தை அழைப்பது. பவர்பேங்க்கில் எரியும் 5 வோல்ட் சரவிளக்கில் இந்தப் பயம் இல்லை, எனக்குப் பிடித்ததும் அதுதான். நிறம் 2700 கெல்வின் அளவில் மஞ்சளாக இருக்கட்டும். 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் கடையில் நிற்பதுபோல் இருக்கும், பூச்சியையும் அதிகம் இழுக்கும். விளக்கைக் கண்மட்டத்தில் தொங்கவிடாமல் தொட்டிகளுக்குப் பின்னால் தாழ்வாக வைத்தால், இலைகளின் நிழல் சுவரில் விழும். பத்து அடி சரம் போதும்.

செடி: நிறைய சிறியதா, கொஞ்சம் பெரியதா?

கைக்கடக்கமான குட்டித் தொட்டிகள் இருபது வாங்கி வரிசையாக அடுக்குவதா, பெரிய தொட்டி மூன்று வாங்குவதா? பணம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். நான் தயங்காமல் மூன்றைச் சொல்வேன். நாலு அங்குலத் தொட்டியையும் பன்னிரண்டு அங்குலத் தொட்டியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய் மூன்று மடங்கு, உயரமும் மூன்று மடங்கு. உள்ளே பிடிக்கும் மண்ணோ 27 மடங்கு. அந்த மண்தான் ஈரத்தைச் சேமித்து வைக்கும் கிடங்கு. கோடையில் சின்னத் தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். ஒரு வாரம் ஊருக்குப் போய் வந்தால் இருபதும் சருகு. கைவிடப்பட்ட பால்கனிகளில் நான் பார்த்ததெல்லாம் இந்தச் சின்னத் தொட்டிகளின் வரிசைதான், மண் இறுகி, ஒரு காய்ந்த குச்சி நட்டநடுவே நின்றபடி.

பெரிய தொட்டி என்றதும் எடை பயம் வரும், வர வேண்டும். தோட்டமண்ணை மட்டும் நிரப்பாமல் தென்னைநார்த் தூளும் மட்கிய உரமும் பெரும்பங்காகக் கலந்தால் எடை வெகுவாகக் குறையும். தொட்டி பிளாஸ்டிக் போதும். மண்தொட்டி அழகு, வேருக்குக் காற்றும் கிடைக்கும். ஆனால் கனம், சுவர் வழியே ஈரமும் சீக்கிரம் போய்விடும். தண்ணீர் ஊற்ற மறப்பவர்களுக்கு பிளாஸ்டிக், அதிகமாக ஊற்றுபவர்களுக்கு மண்தொட்டி.

எந்தச் செடி என்பதை ஆசை தீர்மானிக்கக் கூடாது, வெயில் தீர்மானிக்க வேண்டும். ஒரு விடுமுறை நாளில் மணிக்கு ஒருமுறை பார்த்து, நேரடி வெயில் எத்தனை மணிநேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணிநேரத்துக்கு மேல் என்றால் காகிதப்பூ, பத்துமணிப்பூ, கற்றாழை, சங்குப்பூ. மூன்று முதல் ஆறு என்றால் புதினா போன்ற மூலிகைகள் வரும். நேரடி வெயிலே இல்லை, வெளிச்சம் மட்டும்தான் என்றால் மணி பிளாண்ட், பாம்புச்செடி. இந்தக் கடைசி இரண்டும் நாய், பூனை மென்றால் அவற்றுக்கு நஞ்சு என்பதை வளர்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

வாங்காமலேயே கிடைப்பதும் உண்டு. மணி பிளாண்டின் கணு ஒன்றோடு துண்டு வெட்டித் தண்ணீரில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். புதினாத் தண்டும் அப்படியே. அக்கம்பக்கத்தில் கேட்டால் யாரும் மறுப்பதில்லை. செடிக்கான பணத்தை நல்ல தொட்டிக்கும் கலவைக்கும் வைத்துக்கொண்டு, செடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்கினால் ஒரு வாரத்திலேயே கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டளவு நல்ல தண்ணீரே போதும். வாரம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். இல்லாவிட்டால் தட்டில் மணல் நிரப்பிவிடுங்கள். என் குறிப்பில் வெள்ளிக்கிழமை என்னை எழுப்பிவிட்ட கொசு, பழைய வாளிக்குள் பிறந்தது. வாளி போனதும் அதுவும் போனது.

தரை கடைசியில்

தரைக்குப் பலவிதமான வழிகள் இருக்கின்றன. செயற்கைப் புல்லின் ஈரக் கதையை முன்பே சொன்னேன். அதோடு, நேர்வெயிலில் அது காலைச் சுடும். நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக்கிக் குளிர்ந்துகொள்கிறது, பிளாஸ்டிக்குக்கு அந்த வழி இல்லை. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் ஓரடி மரச்சதுரங்கள் உண்மையிலேயே நல்ல பொருள். அடியில் சட்டம் தூக்கிநிற்பதால் தண்ணீர் ஓடும், வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். ஆனால் விலை அதிகம், ஆண்டுக்கொருமுறை எண்ணெய் பூச வேண்டும், இடுக்கில் சேரும் தூசியை எடுக்க மாதாமாதம் சில சதுரங்களையாவது தூக்க வேண்டும். தரைப் பெயின்ட் மலிவு. ஈரம் ஏறும் தரையில் கொப்பளித்து உரியும், வாடகை வீட்டில் அனுமதியும் கிடைக்காது. பாலிபுரோப்பிலீன் பாய் நடுவில் நிற்கிறது: இலேசு, அலசினால் அழுக்குப் போகும், கைப்பிடியில் போட்டால் காய்ந்துவிடும். தரைக்கு ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்றால் கால் வைக்கும் இடத்துக்கு மட்டும் அந்தப் பாய் ஒன்று, வடிகாலை விட்டுத் தள்ளி. தரை முழுவதையும் மூடாதீர்கள்.

பணத்தைப் பிரிப்பது

வெயில் எழுப்பிவிட்டால் நூறில் நாற்பத்தைந்து பங்கு மறைப்புக்கு, முப்பத்தைந்து இருக்கைக்கு, மிச்சம் தொட்டிக்கும் விளக்குக்கும். பார்வை எழுப்பிவிட்டால், கெட்டியான கைப்பிடிச் சுவர் உள்ளவர்கள் பாதிப் பணத்தை நல்ல தரைத் திண்டுக்கே கொடுக்கலாம். கம்பிக் கைப்பிடி உள்ளவர்கள் முதலில் இடுப்புயரத்துக்கு வலையோ தட்டியோ கட்டட்டும். முதுகுவலிதான் காரணம் என்றால் மற்ற நான்கையும் மறந்துவிட்டு, உட்கார்ந்து பார்த்து ஒரு நாற்காலி வாங்குங்கள். எதுவுமே எழுப்பிவிடவில்லை, அங்கே போகவே தோன்றவில்லை என்பவர்களுக்கு விளக்கு முதலில்: வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்தில் அந்த மூலை இருட்டாகக் கிடப்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு வாரமாவது விடுங்கள். தட்டி கட்டிய பிறகு நான் திரும்ப ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். எதிர் ஜன்னல் பிரச்சினையும் அதிலேயே தீர்ந்திருந்தது. அதற்காக யோசித்து வைத்திருந்த துணித்திரை தேவைப்படவில்லை.

இப்போது அங்கே ஒரு மூங்கில் தட்டி, ஒரு மடக்கு நாற்காலி, மூன்று தொட்டி, ஒரு சரவிளக்கு. சங்குப்பூக் கொடி தட்டியின் பாதி உயரத்தைத் தாண்டிவிட்டது. தரை வெறும் தரைதான். நேற்று மழை பெய்து ஓய்ந்து அரைமணி நேரத்தில் காய்ந்துவிட்டது. நாற்காலியை விரித்துப்போட்டுக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.